கொட்டாவிக்கு அனுமதி இல்லை: மனநல மருத்துவ மாணவர்களின் பின்னறையில்...

கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது: 'டியூட்டி டாக்டர்கள் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது.' நாம் வரலாம்! அனுமதி வாங்கியாயிற்று. சென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை இது. மனநல மருத்துவர் ஆகப்போகிற பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்க்கப்போகிறோம். நிபந்தனைகள் மூன்று. படம் எடுக்கக் கூடாது. யார் பெயரையும் எழுதக் கூடாது. நோயாளி யாராவது வந்தால் நான் சத்தம் காட்டாமல் வெளியே போய்விட வேண்டும். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டேன். அதனால் இங்கே எல்லோருக்கும் ஊர்ப் பெயர்தான். என் பின்னாலேயே வாருங்கள். வாசலில் ஹெல்மெட்டுகள் குவிந்து கிடக்கின்றன, இடறிவிடாதீர்கள்.

மனநல மருத்துவர் அறை என்றால் நமக்கு என்ன தோன்றும்? சாய்ந்து படுக்க ஒரு சோபா, மங்கல் விளக்கு, கண் முன்னால் ஆடும் ஒரு கடிகாரம். எல்லாம் சினிமா உபயம். இங்கே சோபா இருக்கிறது, ஆனால் அதில் படுத்திருப்பது ராத்திரி டியூட்டி முடித்த ஒரு டாக்டர். ஒரு கால் தரையில், மார்மேல் வெள்ளைக் கோட்டு, சின்னதாகக் குறட்டை. மேஜைமேல் ரத்த அழுத்தக் கருவி, முட்டியைத் தட்டுகிற சுத்தியல், டார்ச், பாதி பிரித்த முறுக்குப் பொட்டலம், நான்கு சார்ஜர் வயர்கள் பின்னிக்கொண்டு ஒரு பெரிய முடிச்சு. தடித்தடியான இரண்டு பாகப் பாடநூல், கப்லான் அண்ட் சாடாக், லேப்டாப்புக்கு மணையாக இருக்கிறது. "அதைப் படிக்கிறதும் உண்டு சார்" என்று அவசரமாகச் சொன்னார் ஒருவர். பக்கத்தில் நின்றவர் இருமினார்.

சுவரில் ஒரு வெள்ளைத்தாள். அதில் '18' என்று மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. வார்டு எண்ணா, யாருடைய பிறந்த நாளா? கேட்டேன். 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வாம். நோயாளி பேச ஆரம்பித்ததும் டாக்டர்கள் சராசரியாக 18 வினாடியில் குறுக்கே பாய்ந்துவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். "முதலாண்டு வந்ததும் நாங்க உடைக்க வேண்டிய ரெக்கார்டு இதுதான் சார்" என்றார் உசிலம்பட்டிக்காரர்.

சரி, ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். உசிலம்பட்டிக்காரர் எம்.டி. முதலாண்டு. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதற்குமேல் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அப்புறம் நீட் பி.ஜி., கவுன்சலிங் எல்லாம் தாண்டி மூன்று வருட எம்.டி.க்கு வந்திருக்கிறார். ஜெய்ப்பூர்ப் பெண்ணும் முதலாண்டுதான். அரசுக் கல்லூரி எம்.டி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு என்பதால் ராஜஸ்தானிலிருந்து நேரே இங்கே வந்து இறங்கியவர். நாகர்கோவில் அக்கா மூன்றாமாண்டு. முகத்தில் ஆய்வேட்டுக் கவலை. விழுப்புரம் தம்பி இன்னும் எம்.டி. இல்லை. ஹவுஸ் சர்ஜன். இப்போதைய விதிப்படி மனநலத்தில் கட்டாயமாக இரண்டு வாரம் வேலை பார்க்க வந்தவர், இந்தத் துறையே வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

"வீட்டில் என்ன சொன்னார்கள்?" இந்தக் கேள்வியைத்தான் முதலில் போட்டேன். அறையே சிரித்தது. உசிலம்பட்டிக்காரரின் பாட்டி, "ஏன்யா, மார்க்கு பத்தலையா? ஊசி போடுற டாக்டருக்குக் கிடைக்கலையா?" என்று கேட்டாராம். இவர் ஊசியும் போடுவேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் பாட்டி சமாதானம். ஊரில் இப்போது இவருக்குப் பெயர் 'நரம்பு டாக்டர்'. மனநலம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் நரம்பு என்று சொல்லித்தான் வருகிறார்கள், அதனால் இவரும் திருத்துவதில்லை. சீனியர் ஒருவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா தரகரைத் தனியாக அழைத்து, "மாப்பிள்ளை நம்ம மனசுல நினைக்கிறதைக் கண்டுபிடிச்சிடுவாரோ?" என்று விசாரித்தாராம். "அது தெரிஞ்சா நான் ஏன் சார் கேஸ் ஷீட் நாற்பது பக்கம் எழுதணும்?" என்கிறார் அந்தச் சீனியர்.

இப்போது உள்ளறைக்குப் போவோம். இங்கேதான் பயிற்சி. முதல் பாடம் என்ன தெரியுமா? நாற்காலி போடுவது! இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் கோணலாக. நேருக்கு நேர் போட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடுமாம். டாக்டரும் கதவை எட்ட வேண்டும், வந்தவரும் கதவை எட்ட வேண்டும். நடுவில் யாரும் அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. பயந்துபோய் வருகிறவருக்கு வெளியே போக வழி தெரிந்தாலே பாதி பயம் குறையும் என்கிறார்கள். விழுப்புரம் தம்பி நாற்காலியை வைத்து, தள்ளி, திருப்பி, மறுபடியும் வைத்து வியர்த்துவிட்டார். நாகர்கோவில் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலது" என்றார். பூஜையறையில் விளக்கு வைப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு யோசித்ததில்லை.

இரண்டாவது பாடம், சும்மா இருப்பது. உசிலம்பட்டிக்காரர் டாக்டர். விழுப்புரம் தம்பி நோயாளியாக நடிக்கிறார். கடன் தொல்லையில் தூக்கம் போன ஒரு மளிகைக் கடைக்காரர் வேடம். அக்கா கையில் மொபைல் ஸ்டாப்வாட்ச். "சொல்லுங்கண்ணே" என்று டாக்டர் ஆரம்பிக்கிறார். கடைக்காரர் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். அமைதி. மின்விசிறி மட்டும் கிரீச் கிரீச். டாக்டரின் வாய் துடிக்கிறது. ஒரு கேள்வி தொண்டை வரை வந்து நிற்கிறது. விரல்கள் முழங்காலைத் தட்டுகின்றன. "கடன் எவ்ளோ..." என்று வெடித்துவிட்டார். "பதினொரு செகண்ட்!" என்று அக்கா அறிவிக்க, ஒரே ஆரவாரம். 18-ஐக்கூடத் தொடவில்லை! இரண்டாவது தடவை சமாளித்தார். அவர் பேசாமல் காத்திருந்தபோது, கடைக்காரர் தானாகவே நிமிர்ந்து, "வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது சார்" என்றார். எழுதிக்கொடுத்த வசனம் இல்லை அது. நடித்துக்கொண்டிருந்த தம்பிக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பாடம், முகம். சுவரோரம் பழைய நிலைக்கண்ணாடி ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் முதலாண்டுகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: 'பக்கத்து வீட்டுக்காரர் என் மூளையில் மெஷின் வைத்துவிட்டார்.' கேட்கும்போது புருவம் ஏறக் கூடாது. சிரிப்பு வரக் கூடாது. அடப்பாவமே என்று உதட்டைப் பிதுக்கவும் கூடாது. ஒப்புக்கொண்டு தலையாட்டுவதும் தப்பு, மறுத்து வாதாடுவதும் தப்பு. 'அதனால உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமே' என்று அவருடைய கஷ்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொல்வது சுலபம். ஜெய்ப்பூர்ப் பெண்ணுக்கு இடது புருவம் தானாக ஏறுகிறது. டேப் ஒட்டிப் பயிற்சி செய்தாராம்! ராத்திரி டியூட்டி முடித்து வருகிறவர்களுக்குப் பெரிய எதிரி கொட்டாவி. வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விடும் கலையில் இங்கே ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். மூக்குத் துவாரம் மட்டும் லேசாக விரியும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதய டாக்டருக்கு எக்கோ மெஷின் இருக்கிறது, எலும்பு டாக்டருக்கு எக்ஸ்ரே இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கருவி அவர்களுடைய முகமும் குரலும் காதும்தான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேறு நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் உதவும். அதனால் இந்த அறையில் நாள் முழுக்க நடப்பது கருவிக்குச் சுருதி சேர்க்கிற வேலை.

சிரிப்பு அடங்கிய ஓர் இடமும் இருந்தது. முதலாண்டுகள் எல்லோரும் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும். 'வாழ்க்கையே வேண்டாம், செத்துப்போயிடலாம்னு தோணுதா?' சுற்றி வளைக்காமல், கண்ணைப் பார்த்து, தாழ்ந்த குரலில். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் முதலில் இருக்கிறது. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, கேட்டவர்களிடம் மனம் திறக்கிறவர்கள்தான் அதிகம் என்று அனுபவசாலிகளும் சொல்கிறார்கள். இருந்தாலும் முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உசிலம்பட்டிக்காரர் "வாழ்க்கையே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஆரம்பித்தார். யாரும் கேலி செய்யவில்லை. மூன்றாவது தடவை தெளிவாகக் கேட்டு முடித்தார். அக்கா அவர் தோளைத் தட்டி, "இதை நீ நல்லாக் கேட்டுட்டா, மத்ததெல்லாம் புத்தகத்துல இருக்கு" என்றார். சுவரில் '18'-க்குக் கீழே இன்னொரு எண்ணும் இருக்கிறது: 14416. யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் கூப்பிடலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண். வெளிநோயாளி சீட்டிலேயே அதை எழுதிக் கொடுக்கிறார்கள்.

டீ வந்துவிட்டது! டீயோடு ஆயாம்மாவும் வந்துவிட்டார். வார்டில் பல வருடம் வேலை பார்க்கும் இவர்தான் ஜெய்ப்பூர்ப் பெண்ணுக்குத் தமிழ் வாத்தியார். பெண்ணின் கோட்டுப் பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் இந்தி எழுத்தில் தமிழ், இன்னொரு பக்கம் அதன் பொருள். திறந்து காட்டச் சொன்னேன். 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'உடம்பெல்லாம் அசதி', 'தலை கிறுகிறுங்குது', 'செய்வினை வச்சுட்டாங்க', 'நரம்புத் தளர்ச்சி', 'ஒரு மாதிரியா இருக்கு'. கடைசி ஒன்றுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். "ஆயாம்மா, ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்று அவர் கேட்க, ஆயாம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்து, "அது ஒரு மாதிரிதாம்மா. நீயே அவங்களைக் கேளு, சொல்லுவாங்க" என்றார். நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார் அந்தப் பெண். நல்ல விடை!

டீ குடித்துக்கொண்டே கணக்குப் பாடமும் நடக்கிறது. கவனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நோயாளிகளிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். அது கஷ்டமென்றால் நாற்பதிலிருந்து மூன்று மூன்றாக, அதுவும் கஷ்டமென்றால் இருபதிலிருந்து ஒவ்வொன்றாக. கேட்கிற டாக்டருக்கு முதலில் விடை தெரிய வேண்டுமே! உசிலம்பட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு "93, 86, 79, 72, 65" என்று ஒப்பித்தார். "அப்புறம்?" என்றேன். முழித்தார். "65-ஓட நிறுத்திடுவோம் சார். அதுக்கு மேல எங்களுக்கே சந்தேகம்."

இன்னொரு கேள்வி அவர்களுக்குள்ளேயே நகைச்சுவை ஆகிவிட்டது. ஒருவர் நிலைமைக்கேற்ப முடிவெடுக்கிறாரா என்று பார்க்கக் கேட்கும் பழைய கேள்வி: 'விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் ரோட்டில் கிடந்தால் என்ன செய்வீர்கள்?' தபால் பெட்டியில் போடுவேன் என்பது எதிர்பார்க்கும் பதில். கல்லூரி மாணவர் ஒருவரிடம் கேட்டபோது, "ஸ்டாம்புன்னா என்னண்ணா?" என்று திருப்பிக் கேட்டாராம். அதிலிருந்து இவர்கள் கடிதத்துக்குப் பதில் ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு என்று மாற்றிக் கேட்கிறார்கள். பழமொழிக்கும் பொருள் கேட்பார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று கேட்டதற்கு, ஒரு பெரியவர் டாக்டரையே மேலும் கீழும் பார்த்து, "அதான் தம்பி, இந்தப் படிப்புக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க யோசிச்சிருக்கணும்" என்று பதில் சொன்னாராம். முழு மதிப்பெண்!

விழுப்புரம் தம்பி ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் துறைக்கு வர என்னென்ன செய்ய வேண்டும் என்று சீனியர்களைத் துளைக்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "பொது மருத்துவத்தை ஒழுங்காப் படி. தைராய்டு குறைஞ்சாக்கூட மனச்சோர்வு மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதே." "நியூராலஜி போஸ்டிங்ல கட் அடிக்காதே. எம்.டி. பிராக்டிகல்ல மூளை நரம்பு கேஸ் வந்து நிக்கும்." "எம்.பி.பி.எஸ்.ல மனநலத்துக்குத் தனித் தாளே கிடையாது, பொது மருத்துவத் தாள்ல ஓர் ஓரத்துல வரும். அதனால யாரும் படிக்கிறதில்ல. நீ அகுஜாவோட சின்னப் புத்தகத்தை ஒரு தடவை முழுசாப் படிச்சுடு." நாகர்கோவில் அக்காவின் அறிவுரைதான் எனக்குப் பிடித்தது: "கதை படி தம்பி. ஜெயகாந்தன், அசோகமித்திரன். மனுஷங்க நாலு பேர் ஒரே வீட்டுல எப்படி இருக்காங்கன்னு தெரியணும்ல?" தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில், "சம்பளம்?" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு முன் மாதிரித் தேர்வு. இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நோயாளியாக வரப்போவது சீஃப்! துறைத்தலைவர் மேடம் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுவரோரமாக ஒட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதட்டிக்கொண்டிருந்த மனுஷியா இவர்? கை விரல்களைப் பிசைகிறார், ஜன்னலைப் பார்க்கிறார், யாரோ கூப்பிட்டது மாதிரி சட்டென்று திரும்புகிறார். எதிரே நாகர்கோவில் அக்கா. எம்.டி. தேர்வில் ஒரே நோயாளியோடு நெடுநேரம் உட்கார்ந்து, பிறந்தது முதல் இன்றுவரை எல்லாம் கேட்டு எழுதி, அப்புறம் தேர்வாளர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். 'லாங் கேஸ்' என்பார்கள். அதற்குத்தான் இந்த ஒத்திகை. ஏ.சி. வேலை செய்யவில்லை. அக்காவின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்குகிறது, துடைக்கவும் பயம்.

"உங்க பேரு என்னம்மா?" பதில் இல்லை. "சாப்பிட்டீங்களா?" தலை லேசாக அசைந்தது. அங்கே பிடித்துக்கொண்டார் அக்கா. என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சாங்க, ஏன் நீங்க சமைக்கலை, சமைக்கும்போது என்ன ஆகும் என்று நூல் பிடித்துப் போய், "அடுப்புக்குப் பின்னாடியிருந்து யாரோ என்னைத் திட்டுறாங்க" என்ற வாக்கியம் வரை வந்து சேர்ந்துவிட்டார். பின்வரிசையில் முதலாண்டுகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் முடிந்ததும் சீஃப் முந்தானையை உதறி நிமிர்ந்தார், குரல் மாறியது: "எல்லாம் சரி. கூட வந்த புருஷனை ஏன் நீ விசாரிக்கவே இல்லை?" அறையில் ஒருவரும் கணவராக நடிக்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டுமாம்! நோயாளி சொல்வது ஒரு கதை, கூட வந்தவர் சொல்வது ஒரு கதை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவை புருஷன் வேஷத்துக்கும் ஆள் போடுங்க மேடம்" என்றார். சீஃப் சிரித்துவிட்டார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

மதியத்துக்கு மேல் தூக்கம் வரும் நேரம். அதற்கு மருந்து வினாடி வினா! இந்திய மனநல மருத்துவ சங்கம் மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தும், அதற்கான தயாரிப்பு. பஸ்ஸர் கிடையாது. எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான். கேள்வி கேட்பவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த டாக்டர். எழுந்துவிட்டார்! "நோபல் பரிசு வாங்கிய முதல் மனநல மருத்துவர்?" டிங்! "வாக்னர் யவுரெக், 1927. மலேரியாக் காய்ச்சலை வரவைத்து வைத்தியம் பார்த்தவர்." "லித்தியம்?" டிங்! "ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், 1949. கினிப் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார், அதுங்க சாதுவாப் படுத்துக்கிச்சு." உசிலம்பட்டிக்காரர் கூடுதல் தகவல் தந்தார்: ஆராய்ச்சிக்கான சிறுநீர்ச் சீசாக்களைக் கேட் தன் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தாராம். "அவர் சம்சாரத்துக்குத்தான் நோபல் கொடுத்திருக்கணும்" என்றார் ஆயாம்மா, டம்ளர்களை எடுக்க வந்தவர்.

"மின்சிகிச்சை?" டிங்! "ரோம், 1938. செர்லெட்டி, பினி." இங்கே எனக்காக ஓர் இடைவேளை விட்டார்கள். சினிமாவில் கட்டிப்போட்டு ஷாக் கொடுக்கிற காட்சியைச் சொன்னேன். எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மயக்க மருந்து கொடுத்து, தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அது இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. "அந்த சீன் வந்தா நாங்க தியேட்டர்ல எழுந்து வெளியே போயிடுவோம் சார்" என்றார் சோபாக்காரர். "பாப்கார்ன் வாங்கத்தானே?" என்றது ஒரு குரல்.

அடுத்தது உள்ளூர்ச் சுற்று. கீழ்ப்பாக்கம் என்றால் நம் சினிமா நகைச்சுவைக்காரர்களுக்கு ஒரு கிண்டல். இந்தப் பிள்ளைகளுக்கு அது குலதெய்வக் கோயில். 1794-இல் வாலன்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் சென்னையில் தொடங்கிய காப்பகம், 1871-இல் இப்போதுள்ள கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு வந்தது. அதைப் பல வருடம் தலைமை தாங்கி நடத்தியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்பப் பாடுபட்டவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்காமல் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார், 2021-இல் மறைந்தார். அவர் பெயர் வந்ததும் ஜெய்ப்பூர்ப் பெண் ஸ்பூனைத் தட்டிய வேகத்தில் டம்ளர் கீழே உருண்டது. தமிழ்நாட்டில் படிக்க வந்ததற்கு அவரும் ஒரு காரணமாம்.

"2001 ஆகஸ்ட் 6?" என்று வந்தது அடுத்த கேள்வி. டம்ளரை யாரும் தட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய நாள். 2017 சட்டம் சங்கிலியைத் தடை செய்திருப்பதை உசிலம்பட்டிக்காரர் சொன்னார். அவர் ஊர்ப்பக்கத்திலிருந்தும் அப்போது ஆட்களை அங்கே கொண்டுபோய் விடுவார்களாம். "எங்க தெருவுலயே ஒருத்தர் இருந்தார் சார். அவரைப் பார்த்துத்தான் இதைப் படிக்கணும்னு நினைச்சேன்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதிப்பெண் இரண்டு அணிக்கும் சமமாகப் போடப்பட்டது.

சாயங்காலம் நாகர்கோவில் அக்காவின் ஆய்வேட்டு மூலை. பைண்டு செய்யாத தாள்கள் தரையெல்லாம் பரந்து கிடக்கின்றன, காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் முட்டி சுத்தியலும் ஊறுகாய் பாட்டிலும். மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் 'நலமா' என்று கேட்பதில்லை. 'எத்தனை சாம்பிள் ஆச்சு?' என்றுதான் கேட்கிறார்கள். புள்ளியியல் பார்த்துத் தருகிற அண்ணன் போனை எடுத்துவிட்டால் அன்றைக்குத் தீபாவளி. இதற்கு நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும், இப்போது எல்லா எம்.டி. மாணவர்களுக்கும் அது கட்டாயம். அக்காவுக்கு அந்த மூன்று மாதம்தான் சொர்க்கமாக இருந்ததாம். "அங்க போனாத்தான் சார் தெரியும், மாத்திரை வாங்க மூணு பஸ் மாறி வர்றாங்கன்னு. அதுக்கப்புறம் 'ஏன் லேட்டா வந்தீங்க'ன்னு கேட்கவே வாய் வராது."

நாள் முடிகிறது என்று நினைத்தேன், இல்லை. வாரம் ஒரு தடவை இவர்கள் போன்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டு வட்டமாக உட்காருவார்கள். மனதை அழுத்துகிற கேஸ், வாங்கிய திட்டு, வீட்டுச் சண்டை எதுவானாலும் பேசலாம். யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். போன வாரம் சீஃப்பே மாட்டிக்கொண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாராம்! இந்த வட்டத்துக்குள் எனக்கு இடமில்லை என்று மென்மையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு திடீரென்று வெடிச்சிரிப்பு, அதன்பின் பஜ்ஜிக் கடைக்கு ஓடும் விழுப்புரம் தம்பி. யார் அறிவுரை சொன்னார்களோ!

விடைபெறும்போது ஒரு பரிசு கிடைத்தது. நாள் முழுவதும் நான் இவர்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தேன் அல்லவா? இவர்களும் சும்மா இருக்கவில்லை. உசிலம்பட்டிக்காரர் கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து, பயிற்சிக்காக என் மனநிலைப் பரிசோதனையை எழுதி வைத்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்:

"தோற்றம்: சுத்தமான சட்டை, பட்டன் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறார். பழகும் விதம்: உடனே ஒட்டிக்கொள்கிறார். பேச்சு: அளவு அதிகம், வேகம் அதிகம், இடையில் புக முடியவில்லை. மனநிலை, வந்தவரின் சொற்களிலேயே: 'ஜோரா இருக்குங்க.' சிந்தனை: ஒரு கேள்வி கேட்டால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பதிலுக்கு வந்து சேர்கிறார். கவனம்: நூறில் ஏழு கழித்து 86 வரை சென்று, பிறகு பஜ்ஜியைப் பற்றி விசாரித்தார். உள்நோக்கு..."

உள்நோக்கை ஒன்று முதல் ஆறு வரை கிரேடு போடுவார்கள். ஒன்று என்றால் எனக்கு ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர். எனக்கு எத்தனை என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை. மற்றபடி எல்லாம் இயல்பு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சீஃப் கையெழுத்துப் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி மட்டும் நாகர்கோவில் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: 'மறுபடி வரும்போது, விவரம் சொல்ல வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரவும்.'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். படித்துப் பார்த்தவர் உடனே நாள்காட்டியை எடுத்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கிறதாம். எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.